அத்தாவின் இரட்டைக்குழல்

அன்புள்ள பாய்,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆம்பூர் பக்கம் துத்திப்பட்டுக்கு அப்பால் தோப்பு வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில், ராத்திரியில் நீங்களும் வீட்டுக்காரம்மாவும் மட்டும். அத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் மௌத்துக்குப் பிறகு டீலரிடம் டெபாசிட்டில் கிடக்கிறது. அதையே எடுப்பதா, புதிதாகப் பம்ப் ஆக்‌ஷன் வாங்குவதா, எங்கே சுட்டுப் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

'தீரன் அதிகாரம் ஒன்று' படம் பார்த்ததிலிருந்து நெடுஞ்சாலை லாரிச் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடுகிறது என்கிறீர்கள். வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை அவர் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றது, அந்தப் படத்துக்கு மூலமான, லாரியில் வந்து கொள்ளையடித்த பவாரியா கும்பல். ஆனால் 2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையம் நகைக்கடையில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். சுவரில் ஓட்டை, கேமரா மேல் பெயின்ட், 15 கிலோவுக்கு மேல் தங்கம். யார் காதிலும் விழவில்லை. நம் பக்கம் பேப்பரில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான்: பூட்டிய வீடு, ஊருக்குப் போன குடும்பம். அங்கே துப்பாக்கி காவல் அல்ல, திருட்டுப் போகும் இன்னொரு பொருள்.

இவ்வளவு சொல்லியும் வேண்டும் என்றால், என் ஓட்டு அத்தாவின் துப்பாக்கிக்கு. மேலே இருக்கும் லீவரைத் தள்ளினால் குழல் மடிந்து இரண்டு தோட்டா அறையும் கண்ணுக்குத் தெரியும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதைத் துப்பாக்கியே தொடாத உங்கள் வீட்டுக்காரம்மாகூட ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். பம்ப் ஆக்‌ஷனில் தோட்டா குழாய்க்குள் ஒளிந்திருக்கும். பதற்றத்தில் பாதி இழுத்துப் பாதி விட்டால் சிக்கிக்கொள்ளும். தினம் பழகுகிறவருக்கு அது நல்ல ஆயுதம். அறுபதைத் தாண்டியவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பழைய துப்பாக்கியில் பார்க்க வேண்டியவை உண்டு. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருந்தால் ஆகாது. வெளிப்புறத்தில் நெளிநெளியாகக் கோலம் போட்டதுபோல் இருந்தால் அது டமாஸ்கஸ் குழல், இன்றைய வெடிமருந்தின் அழுத்தத்துக்குச் செய்ததல்ல. அறையின் நீளத்தை டீலரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டரை அங்குல அறையில் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவும் தடையில்லாமல் உள்ளே போய்விடும். வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ஆபத்து அங்கேதான்.

இன்னொன்று, உங்கள் தொழிலிலிருந்தே. அத்தா அழகான தோல் உறை தைத்து வைத்திருந்ததாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். டேனரி வைத்திருந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிடும்போது சேர்த்த உப்பும் அமிலமும் உள்ளே மிச்சமிருக்கும். ஒரு மழைக்காலம் அதற்குள் கிடந்தால் இரும்பு துருவேறிவிடும். உறை எடுத்துப் போகவர மட்டும் இருக்கட்டும். வீட்டில் எண்ணெய் தடவி, தோட்டா இல்லாமல், இரும்புப் பெட்டியில் பூட்டி வையுங்கள். தோட்டா வேறு பூட்டில்.

'குண்டு பரவும், குறி பார்க்க வேண்டாம்' என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம்பாதீர்கள். பதினைந்தடி அறையில் அந்தச் சிதறல் உள்ளங்கை அகலம்தான். குறி தவறினால் முழுதும் தவறும். ஜன்னல் வழியே தோப்புக் காவல்காரர் குடிசை வரை போகும்.

பழகுவதற்குத் தோப்பு இடமல்ல. காட்டுப்பன்றி மேல் பழகலாமா என்று கேட்டதற்கு 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'கூடாது' என்று பதில் சொல்லிவிடும். உறுப்பினராகச் சேர்ந்து ரைபிள் கிளப் ரேஞ்சில்தான் சுட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் நம் புதுக்கோட்டைக்காரர். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் அந்த விளையாட்டு தோளையும் கண்ணையும் பழக்கும். ஆனால் உங்களுக்கு வேண்டிய பழக்கம் வேறு. டம்மித் தோட்டாவை வைத்து இருட்டில் பெட்டியைத் திறந்து, போட்டு, எடுத்துப் பாருங்கள். ஒரு கையில் டார்ச் இருந்தால் மறு கையால் துப்பாக்கியைத் தூக்க முடிகிறதா? என் கணிப்பில், முதல் ராத்திரியே சாவியைத் தேடுவீர்கள்.

வீடு முழுக்கத் திருடனைத் தேடி நடக்கவே நடக்காதீர்கள். படுக்கையறைக் கதவைச் சாத்தி, வீட்டுக்காரம்மாவைப் பின்னால் நிறுத்தி, 112-க்குப் போன் போடச் சொல்லி, அங்கேயே நில்லுங்கள். உங்கள் ஊரில் ரமலான் மாதம் சஹருக்கு மூணு மணிக்கே தெரு எழுந்துவிடும். கதவைத் தட்டுகிறவர் எழுப்ப வந்தவராக இருக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறி வந்த மகனாகவும் இருக்கலாம். முகம் தெரியாமல் விரல் ட்ரிக்கருக்குப் போகக்கூடாது.

சட்டம்? தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. ராத்திரியில் பூட்டை உடைத்து நுழைகிறவன் விஷயத்தில் 41-ஆம் பிரிவு வெகுதூரம் இடம் தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் ஒரு காயமும் கூடாது என்ற வரம்பு அதன் மேலும் உண்டு. பையைப் போட்டுவிட்டு மதில் ஏறி ஓடுகிறவன் முதுகில் சுட்டால், கூண்டில் நிற்பது நீங்கள்.

உரிமத்துக்கு அத்தாவின் பழைய காகிதங்களை எடுத்துக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரிக்கு ஓடாதீர்கள். 2019 நவம்பரிலிருந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். உங்கள் கலெக்டர் அங்கே. வாரிசு என்ற முறையில் கேட்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள். இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் என்பதால் கைத்துப்பாக்கி அளவுக்குக் காரணம் கேட்டுக் குடைய மாட்டார்கள். போலீஸ் விசாரணை உண்டு, நாள் பிடிக்கும். கிடைத்த பிறகும் ஒவ்வொரு தேர்தலுக்கும் தேதி அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் உங்களிடம் இருக்கப்போவது கிரில்லும் வெளிவிளக்கும் நாயும்தான். ஆகவே அந்தச் செலவை இந்த மாதமே செய்துவிடுங்கள். டீலரிடம் போனால் குழலைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். குழி இருந்தால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளன்