மாடி போர்ஷன் யாருக்கு?

அன்புள்ள நிலா,

மாடி போர்ஷன் விஷயத்தில் உனக்கும் அப்பாவுக்கும் முட்டிக்கொண்டதை அண்ணி சொன்னார். "என் வீடு, என் இஷ்டம்" என்கிறாராமே அண்ணன். அதில் பாதி நியாயம்தான். வாடகை பாக்கி வைத்தவரைக் காலி செய்ய வைக்க அவர் நடையாய் நடந்தது எனக்குத் தெரியும். என்ன வேலை, எத்தனை பேர், அட்வான்ஸ் எவ்வளவு தர முடியும் என்று அவர் தாராளமாகக் கேட்கட்டும்.

ஆனால் டு-லெட் பலகையைப் பார்த்து யாராவது போன் செய்தால் முதலில் கேட்பது பேரைத்தானே? முஸ்லிம் பேர் என்றால், "வீடு முடிஞ்சிருச்சு சார்." பேரில் பிடிபடவில்லையென்றால் சொந்த ஊர், ஊரில் எந்தத் தெரு. அப்புறம் சைவமா, அசைவமா. ஐந்தாம் தேதி வாடகை வருமா என்பதற்கு இதில் எதிலும் பதில் இல்லை.

சட்டம் தடுக்கவில்லையே என்பார். ஓரளவு உண்மை. அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் என்றெல்லாம் சொல்கிறது. வாடகை வீட்டைச் சொல்லவில்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமென்று இருந்த வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை 2005-இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. என்றாலும், தீண்டாமையின் பேரில் ஒருவரைக் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017-லும் திருநங்கை, திருநம்பியருக்கு 2019-லும் வந்த சட்டங்கள், அந்தக் காரணத்துக்காக வீடு மறுப்பதைத் தடை செய்கின்றன. ஆக, "என் இஷ்டம்" என்பதற்கு ஏற்கெனவே வேலி உண்டு. மதத்துக்கும் சாப்பாட்டுக்கும் தனியாக வாழும் பெண்ணுக்கும்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

வீடு விடுவதில் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்காவின் 1968 வீட்டுவசதிச் சட்டம்கூட, நான்கு வீடுகளுக்கு மிகாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால் விலக்கு தருகிறது. அப்போதும், 'இன்னாருக்கு இல்லை' என்று விளம்பரம் செய்ய விடுவதில்லை. ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்வதென்றால் எனக்கும் அந்த விலக்கு புரிகிறது. உங்கள் மாடிக்குத் தனிப் படி, தனி மீட்டர். காசு வாங்கிக்கொண்டு விடும் இடம் அது, பூஜையறை இல்லை.

அண்ணனோடு மல்லுக்கட்டாதே. அடுத்த போன் வருவதற்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து, கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். பேரைக் கடைசியில், ஒப்பந்தம் எழுதும்போது கேட்டால் போதும். பலகையில் இருக்கும் 'சைவம் மட்டும்' என்ற வரியை நீயாகப் போய் அழித்து வைக்காதே. அதை அவரே அழிக்கட்டும்.

அன்புடன்,
அத்தை