வற்றல் போடும் காலமும் உப்பின் அளவும்

சித்திரையும் வைகாசியும் காய்கள் மலிந்து கிடக்கும் மாதங்கள். தோட்டத்திலும் மாடியிலும் கொத்தவரை, வெண்டை, பாகல், கத்தரி ஆகியவை நாள்தோறும் காய்த்து, வீட்டாரால் உண்டு தீர்க்க இயலாத அளவுக்குச் சேர்ந்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும்போது அதே காய்களின் விலை ஏறிவிடும். கத்திரி வெயிலைப் பயன்படுத்தி வற்றலும் ஊறுகாயும் போட்டு வைக்கும் வழக்கம் இவ்விரு பருவங்களுக்கும் இடையிலான பாலமாக இருந்து வருகிறது. இவ்வழக்கத்தை நோயாளிகள் இருக்கும் இல்லங்களில் கைவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதில் ஒரு பொருளின் அளவை மட்டும் மாற்றிக்கொள்ளுமாறு கேட்கிறோம். அப்பொருள் உப்பு.

காய்கள் ஏன் கெடுகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வோம். பெரும்பாலான காய்களின் எடையில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பங்கு நீரே. நுண்ணுயிரிகளும் பூஞ்சையும் அந்நீரைக் கொண்டே பெருகுகின்றன. நீரை அகற்றிவிட்டால் அவற்றால் வளர இயலாது. வெயில் நீரை ஆவியாக்குகிறது. உப்பு அதனை வெளியே இழுப்பதோடு, எஞ்சிய நீரையும் நுண்ணுயிரிகளுக்குப் பயன்படாதபடி செய்துவிடுகிறது. இரண்டும் செய்வது ஒரே வேலைதான். ஆகவே வெயில் தன் வேலையை முழுமையாகச் செய்யுமிடத்தில் உப்பு மிகுதியாகத் தேவைப்படுவதில்லை. வற்றலை உப்பின்றியும் போடலாம். மாங்காய் ஊறுகாயில் நீர் அகற்றப்படுவதில்லையாதலால், அங்கு உப்பைக் குறைத்தால் ஊறுகாய் கெட்டுவிடும்.

உலக நலவாழ்வு அமைப்பு பெரியவர் ஒருவருக்குப் பரிந்துரைக்கும் உப்பு, நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 1 கிலோ கொத்தவரங்காயில் 20 கிராம் உப்பைப் பிசறி உலர்த்தினால், காய் ஏறத்தாழ 200 கிராமாகச் சுருங்கும். நீர் போகும், உப்பு போகாது. அவ்வற்றலில் 20 கிராமை ஒருவர் உண்டால், அதிலுள்ள உப்பு மட்டுமே 2 கிராமை நெருங்கும். மாங்காய் ஊறுகாய்க்குக் கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் வரை உப்பிடுவது வழக்கம். அதில் ஒரு மேசைக்கரண்டி எடுத்தாலும் ஏறத்தாழ அதே அளவுதான். "சமையலில் உப்பைக் குறைத்துவிட்டோம்" என்று கூறும் குடும்பத்தினர் பலர் வற்றல், ஊறுகாய், மோர் மிளகாய் ஆகியவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் சோடியம் இருவழியாகவும் வருகிறது. இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உடையவர்களுக்குக் கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் மிகுவதற்கு இது போதும்.

உப்பில்லா வற்றல் போடும் முறை எளிது. கவனம் மட்டும் கூடுதலாக வேண்டும். பிஞ்சுக் கொத்தவரையைக் காம்பு நீக்கி, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் இட்டு எடுத்து, நீரை நன்கு வடித்துவிடுங்கள். பாகலை விதை நீக்கி மெல்லிய வளையங்களாக நறுக்குங்கள். வெண்டையை நறுக்கியபடியே உலர்த்தலாம். தடித்த துண்டுகள் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும் என்பதால் மெல்லிதாக நறுக்குவது முக்கியம். தூய வெள்ளைத் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே மெல்லிய துணியால் மூடுங்கள். மாலையில் பனி படுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். உப்பு இல்லாத வற்றலுக்கு முதல் இரு நாள் வெயிலே உயிர்நாடி. வானம் மூடிக்கொண்டால், அரைகுறையாய்க் காய்ந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் தொடருங்கள். ஒடித்தால் ஓசையுடன் முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். காய்ந்தபின் கண்ணாடிப் புட்டியில் தளர்வாக இட்டு ஒரு வாரம் நாள்தோறும் குலுக்கிப் பாருங்கள். உட்புறம் நீர்த்துளி தென்பட்டால் மீண்டும் வெயிலில் இடுங்கள்.

பூஞ்சை படிந்த வற்றலையோ மிளகாயையோ துடைத்துப் பயன்படுத்தலாகாது. சிலவகைப் பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்கக்கூடியது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுமையாக அழிவதில்லை. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக் கொள்பவர்களும் உறுப்பு மாற்றம் பெற்றவர்களும் இதில் சிறிதும் இடம் கொடுக்கலாகாது. பூண்டை எண்ணெயில் மட்டும் ஊறவைத்து வெளியே வைப்பதும் ஆபத்தானது. புளிப்பும் காற்றும் இல்லாத இடத்தில் உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும்.

சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் தனியாக ஒன்று. உலர்த்துவதால் காயிலுள்ள பொட்டாசியம் குறைவதில்லை. சிறிய எடைக்குள் செறிந்துவிடுகிறது. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துமாறு மருத்துவர் கூறியிருந்தால், உப்பில்லா வற்றலையும் உணவியல் நிபுணரைக் கேட்காமல் உண்ண வேண்டாம். கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு பலவற்றில் அதற்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடே சேர்க்கப்படுகிறது. அதைக் கொண்டு வற்றல் போடுவது இவர்களுக்குப் பெருந்தீங்காகும்.

ஏற்கெனவே உப்பிட்ட வற்றல் வீட்டில் இருந்தால் எறிந்துவிட வேண்டியதில்லை. சமைக்குமுன் அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் உப்பில் கணிசமான பங்கு நீங்கிவிடும். குழம்பில் இடும்போது தனியாக உப்பிடுவதைக் கடைசிவரை ஒத்திவைத்து, ருசி பார்த்தபின் முடிவு செய்யுங்கள். எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பில் வேகவைப்பது நீரிழிவும் உடல் பருமனும் உடையவர்களுக்கு ஏற்றது. உலர்த்தும்போது வைட்டமின் சி பெருமளவு அழிந்துவிடும் என்பதால், மழைக்காலத்திலும் நாளுக்கொரு பசுங்காயோ கீரையோ உடன் இருக்கட்டும்.

வீட்டில் மற்றவர்களுக்காக உப்பிட்ட வற்றலும் போடுவீர்களாயின், இரண்டையும் வெவ்வேறு புட்டிகளில் இட்டு, உப்பு உண்டா இல்லையா என்பதையும் போட்ட நாளையும் எழுதி ஒட்டிவையுங்கள். நோயாளியைக் கவனித்துக்கொள்ள மாற்றாள் வரும் நாள்களில் அச்சீட்டைப் பார்த்தே அவர் சமைப்பார்.