மாட்டுப்பட்டிக்குப் போகாத மூன்று நாள்

2006 மார்ச் மாதம், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு பால் சேகரிப்பு நிலையம். காலை ஆறரை மணி. ஓர் அம்மாவின் பால் புத்தகத்தில் நான் சிவப்புப் பேனாவால் "நீர்" என்று எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் வாய்விட்டும் சொன்னேன். பின்னால் கானோடு நின்ற நாற்பது பேருக்கும் அது கேட்டது. "தண்ணி ஊத்தல மிஸ், புள்ள மேல சத்தியம்" என்றார் அந்த அம்மா. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பால் பரிசோதனை வேலைக்குப் போகலாமா என்று கேட்டு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன். சம்பளம், விடுதி, பதவி உயர்வு எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நீங்களும் அநேகமாக என்னைப் போலத்தான் வருவீர்கள். உயர்தரத்தில் உயிரியல் படித்திருப்பீர்கள், பல்கலைக்கழகம் கொஞ்சத்தில் தவறியிருக்கும், வீட்டில் வங்கி வேலையைப் பார் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் வளர்ந்தவள். 1998இல் கொழும்புக்கு அருகே ஒரு பால் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் சேரும்வரை பசுவின் மடியைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. சொந்தக்காரர் ஒருவர் பத்து வருடமாக என்னைப் "பால்காரி" என்றே சொல்லி வந்தார். 2013 ஆகஸ்டில் நியூசிலாந்துப் பால்மாவில் டிசிடி என்ற இரசாயனம் இருப்பதாகச் சொல்லிக் கடைகளில் இருந்து பக்கெட்டுகளைத் திரும்ப எடுத்தார்களே, அன்று பேரப்பிள்ளைக்கு எதைக் கொடுக்கலாம் என்று கேட்டு எனக்கு முதலில் போன் எடுத்தவரும் அவர்தான். இந்தத் தொழிலுக்கு மதிப்பில்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

வேலையின் அன்றாடப் பகுதி சுலபம், ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கானைத் திறந்ததும் மணம் பிடியுங்கள். பிறகு அற்ககோல் சோதனை: 2 மில்லிலீற்றர் பாலுக்கு 2 மில்லிலீற்றர் அற்ககோல், துகள் துகளாகத் திரிந்தால் ஒதுக்கி வைத்துக் கொதிக்கவைத்தும் பார்க்க வேண்டும். ஏனென்றால் கன்று ஈன்ற புதிதில் வரும் கடும்புப் பாலும் (தோட்டத்தில் சீம்பால் என்பார்கள்), கறவை வற்றப்போகும் மாட்டின் பாலும் புளிக்காமலே திரியும். கொழுப்புக்குக் கேர்பர் முறை. குழாயில் முதலில் கந்தக அமிலம் 10 மில்லிலீற்றர், அதன்மேல் குழாயின் ஓரமாக மெதுவாகப் பால், கடைசியாக ஏமைல் அற்ககோல் 1 மில்லிலீற்றர். இந்த ஒழுங்கை ஒருநாளும் மாற்றாதீர்கள், முகத்தைக் குழாய்க்கு நேரே வைக்காதீர்கள். மாட்டுக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டிருந்தால் மருந்தைப் பொறுத்து மூன்று நான்கு நாள் பால் எடுக்கக்கூடாது. எடுத்தால் தொழிற்சாலையில் யோகட் உறையாது. ஊசி போடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் போவதும் பழி விவசாயி தலையில் விழுவதும் வழக்கம்.

லக்டோமீற்றரில் மட்டும் அவசரப்படாதீர்கள். பழைய லக்டோமீற்றர்கள் 60 பாகை பரனைற்றுக்கு அளவிட்டவை. கறந்த சூட்டோடு வருகிற பாலில் விட்டால் மூன்று நான்கு புள்ளி குறைத்துக் காட்டும். நல்ல பாலே தண்ணீர்ப் பாலாகத் தெரியும். பாலைக் குளிரவிட்டு வெப்பமானியை வைத்துப் பார்த்து, பிறகுதான் வாசிக்க வேண்டும். அந்த அம்மாவின் பாலில் இந்தப் பிழையை நான் விடவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். அன்று குளிரவைத்துத்தான் வாசித்தேன். அவர் பாலை மூன்று நாள் பார்த்தேன்; மூன்று நாளும் ஒரே கணக்குத்தான் வந்தது: கொழுப்பு 4.1, கொழுப்பற்ற திண்மம் 7.6. எங்கள் நிலையம் வைத்திருந்த எல்லை 8.3. சோதனை சரி, கணக்கும் சரி. நான் எழுதிய சொல்தான் பிழை.

இன்று அந்த இலக்கங்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பாலில் தண்ணீர் ஊற்றினால் கொழுப்பும் திண்மமும் சேர்ந்து இறங்கும். கொழுப்பு அப்படியே நிற்க, திண்மம் மட்டும் இறங்கினால் மாட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். தை முதல் பங்குனி வரை அந்தப் பக்கம் மழை இல்லை. புல் காய்ந்து கிடந்தது. மாட்டின் வயிறு காய்ந்தால் கொழுப்பு குறையாமல் திண்மம் மட்டும் குறையும் என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். படித்தது தலையில் இருந்தது. மாட்டுப்பட்டியோ நிலையத்தில் இருந்து இருபது நிமிட நடை. மூன்று நாளும் நான் போகவில்லை.

போகாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் மனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "கதையைக் கேளாதேயும், இலக்கத்தைப் பாரும்." எட்டு மணிக்கு லொறி புறப்பட வேண்டும். பாலின் உறைநிலையைப் பார்க்கும் கருவி நிலையத்தில் இல்லை; கொழும்பு ஆய்வுகூடத்தில் இருந்தது. அது இருந்தால் சந்தேகமே வராது. பசுப்பால் சைபருக்குக் கீழே 0.52 பாகையை ஒட்டித்தான் உறையும். மாடு பட்டினி கிடந்தாலும் மடிநோய் வந்தாலும் அந்த எண் அதிகம் அசையாது. பாலில் சீனி குறைந்தால் அந்த இடத்தை உப்பு நிரப்பிவிடும். தண்ணீர் ஊற்றினால் மட்டும் உறைநிலை பூச்சியத்தை நோக்கி ஏறும். மாதிரிப் போத்தலை ஐஸில் வைத்து இரவு மெயில் ரயிலில் நானே கொண்டுபோயிருக்கலாம். ஆனால் அது 2006. கொட்டாஞ்சேனைக்குத் தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டையோடு, பையில் பெயர் எழுதாத வெள்ளைத் திரவப் போத்தலும் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடியைத் தாண்டுவது எப்படி என்று அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் மாட்டுப்பட்டிக்கு நடந்து போக எந்தச் சாவடியும் இல்லை.

பத்தொன்பது நாள் கழித்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் இருந்து ஒருவர் தடுப்பூசி வேலையாக வந்தார். அவரோடு லயங்களுக்குப் போனபோதுதான் அந்த அம்மாவின் பட்டியில் கால் வைத்தேன். தகரக் கூரை, கல் பாவிய தரை, சுத்தமாகக் கழுவியிருந்தது. தொட்டியில் நறுக்கிய வாழைத்தண்டும் கொஞ்சம் காய்ந்த கினிப் புல்லும் கிடந்தன. வந்தவர் பையில் இருந்து நான்கு கிண்ணம் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்தார். ஒவ்வொரு காம்பில் இருந்தும் ஒவ்வொரு கிண்ணத்தில் பீய்ச்சி, அதே அளவு ஊதா மருந்தை ஊற்றித் தட்டை வட்டமாக ஆட்டினார். இரண்டு கிண்ணங்களில் பால் தண்ணீர் மாதிரியே சுழன்றது. மற்ற இரண்டிலும் நடுவே திரண்டு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுவென்று ஒன்றாய்ச் சேர்ந்தது. மடியில் வீக்கம் இல்லை, பாலில் கட்டி இல்லை, வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மடிநோய். பட்டினியும் அதுவும் சேர்ந்துதான் அந்த 7.6.

அந்த அம்மாவிடம் இரண்டு மாடுகள் இருந்தன. நான் "நீர்" என்று எழுதிய பிறகு பணம் வெட்டப்பட்டது. தவணை கட்ட முடியாமல் நல்ல மாட்டை இறைச்சிக்கு வாங்குகிறவரிடம் விற்றுவிட்டார். எங்களுக்குப் பிளேன்ரீ கொடுத்தார். மிச்ச மாட்டின் பால் முழுவதையும் நிலையத்துக்கு அளந்தால்தான் கடைக் கணக்கு தீரும் என்று சொல்லிக்கொண்டே சீனியைத் தனியாக உள்ளங்கையில் வைத்தார்.

இதனால் எனக்கு என்ன வந்தது என்றும் கேட்பீர்கள். கொழும்புக்குப் போன அறிக்கையில் "உத்தியோகத்தர் தன்னிச்சையாக முடிவெடுத்தார்" என்று இருந்தது. இலக்கத்தைப் பார் என்று சொன்னவரே எழுதியது அது. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஐந்து வருடம் வரவில்லை; 2011இல் விலகினேன். வாய்மொழிக் கட்டளையை நம்பாதீர்கள். "மாட்டைப் பார்க்கப் போக அனுமதி கேட்டேன், மறுக்கப்பட்டது" என்று நாட்குறிப்பில் திகதியோடு எழுதிவையுங்கள். நான் அப்படி எழுதவில்லை; எழுதவும் முடிந்திருக்காது, ஏனென்றால் நான் அனுமதியே கேட்கவில்லை.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள், அதுதான் இயந்திரம் வந்துவிட்டதே அன்ரி என்கிறார்கள். பாலை உறிஞ்சி ஒரு நிமிடத்தில் துண்டு அச்சடித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டியைச் சொல்கிறார்கள். அதில் "சேர்த்த நீர்" என்று ஒரு வரி வரும். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை பாலை உறையவைத்துப் பார்ப்பதில்லை. திண்மத்தை அளந்து அதில் இருந்து உறைநிலையைக் கணக்குப் போடுகின்றன. அந்த அம்மாவின் பாலை ஊற்றியிருந்தால் அதுவும் தண்ணீர் என்றுதான் அச்சடித்திருக்கும். பால் சோதனை எதற்காக வந்தது என்பதையும் மறந்துவிடாதீர்கள். 1890இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஸ்டீவன் பாப்கொக் கொழுப்புச் சோதனையைக் கண்டுபிடித்தபோது அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. நல்ல பால் ஊற்றுகிறவனுக்கு நல்ல விலை கிடைக்கத்தான் அந்தச் சோதனை வந்தது. நாங்கள் அதை ஆளைப் பிடிக்கும் வலையாக ஆக்கிவிட்டோம்.

சந்தேகம் வந்தால் மறுநாள் கறவை நேரத்தில் மாட்டுப்பட்டியில் நில்லுங்கள். உங்கள் கண் முன்னால் கறக்கச் சொல்லுங்கள், அதுவும் கடைசிச் சொட்டுவரை. முன்பால் மெலிந்தது, கொழுப்பு முடிவில்தான் இறங்கும். கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுகிற வீட்டில் கானில் கொழுப்பு குறையத்தான் செய்யும்; அது திருட்டு இல்லை. காலையும் மாலையும் தனித்தனியாக எடுங்கள். முழுப் பாலையும் கலக்கி அதில் இருந்து மாதிரி எடுத்து, நிலையத்தில் வந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் புத்தகத்தில் எழுத வேறொன்றும் இல்லை. நான்கு கிண்ணத் தட்டு உங்கள் சொந்தப் பையில் இருக்கட்டும், கம்பனி வாங்கித் தரும் என்று காத்திருக்காதீர்கள்.

அன்று பட்டியில் வைத்தே அந்த அம்மாவின் புத்தகத்தை வாங்கி, "நீர்" என்ற சொல்லை வெட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் புத்தகத்தைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் வரிசையின் முன்னால் அதைச் சொல்லவா என்று மனேஜரிடம் கேட்டேன். கம்பனிக்கு மரியாதைக் குறைவு என்றார். நானும் கேட்டுக்கொண்டேன். அடுத்த மாதத்தில் இருந்து மிச்ச மாட்டின் பாலை அவர் வேறொரு கம்பனிக்கு ஊற்றினார். அந்த லொறி எங்கள் நிலையத்து வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏழு மணிக்கு அது போகும்போது நான் பெரும்பாலும் வெளியே கான் கழுவும் இடத்தில் நிற்பேன்.