தட்டுவடை செட்டுக்கு எங்கே போவது?

கேள்வி: சேலத்துக்காரன். இப்போது நியூ ஜெர்சி வாசம். தட்டுவடை செட் சாப்பிட வழி உண்டா?

பதில்: செட்டாகக் கிடைப்பது கஷ்டம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தட்டுவடைக்கு எடிசன் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் தட்டை பாக்கெட் தேடுங்கள். கனமானது வேண்டாம், மெல்லிசாக, சின்னதாகப் பாருங்கள். அகப்படாவிட்டால் மெக்சிகோக்காரர்களின் டோஸ்டாடா. மக்காச்சோள வாசம் அடிக்கும். அரிசி மாவு ருசி வராது. ஆனால் மொறுமொறுப்பு பழுதில்லை. சிப்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், சட்னி பட்டதும் துவண்டுவிடும்.

உயிர் சட்னியில்தான் இருக்கிறது. மல்லி, புதினா, பச்சை மிளகாய் அரைத்தது ஒன்று. வரமிளகாய், பூண்டு அரைத்தது இன்னொன்று. இரண்டு தட்டைக்கு நடுவில் சட்னியோடு பச்சையாகத் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம். பீட்ரூட்டை விட்டுவிட்டு அதைச் சேலத்து செட் என்று சொல்லாதீர்கள். ஒவ்வொன்றாக அடுக்கி உடனே வாயில் போடுங்கள். உடைந்த தட்டை மிஞ்சினால் முறுக்கோடு நொறுக்கி அதே சட்னியில் புரட்டுங்கள்: நொறுக்கல் தயார்.