கஞ்சித் தெளிவு முதல் கறிசோறு வரை

ஒரு முகாம் கொட்டிலில் நாம் கண்ட காட்சி இது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். பிள்ளை பசியில் சிணுங்குகிறது. தாயோ ஒன்றும் கொடுக்கவில்லை. "வயித்தைக் காயப்போட்டால் நிக்கும் எண்டு மாமி சொன்னவ, சுவாமி" என்றார். பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஆச்சியோ, "கஞ்சி வடிச்சுக் குடு பிள்ளை" என்றார். இருவருமே முன்னோர் சொல்லித் தந்ததையே சொன்னார்கள். இவற்றுள் எதைக் கொள்வது, எதை விடுவது? இந்த இதழில் இதனைச் சற்று ஆராய்வோம்.

பழைய நூல்கள் கூறுவது

ஆயுர்வேதத்தில் கஞ்சி ஏழையின் உணவு மட்டுமன்று; அது மருந்தும் ஆகும். சரக சம்ஹிதையின் முதற் பிரிவில், இரண்டாம் அத்தியாயத்திலே, 28 வகைக் கஞ்சிகள் கூறப்பட்டுள்ளன. திப்பிலி, சுக்கு முதலியன சேர்த்த கஞ்சி பசியைத் தூண்டி வயிற்றுவலியைத் தணிப்பதற்கு உரியது. விளாங்காய், வில்வம், புளியாரை, மாதுளை, மோர் சேர்த்தது சமிபாட்டுக்கு உதவுவது. விளாவும் வில்வமும் நாம் விட்டுவந்த வளவுகளில் நின்ற மரங்களே.

கஞ்சியின் பதத்துக்கும் அளவு உண்டு. சாரங்கதர சம்ஹிதையின்படி, ஒரு பங்கு அரிசியை 14 பங்கு தண்ணீரில் வேகவைத்துப் பருக்கை இல்லாமல் வடித்தெடுப்பது மண்டம். இதுவே எமது கஞ்சித் தெளிவு. அதே அளவு நீரில் சில பருக்கைகளோடு குடிப்பது பேயா. 4 பங்கு நீரில் குழைய வேகவைத்தது விலேபி, அதாவது குழைசோறு.

ஏன் இந்தப் படிகள்?

பேதி மருந்து கொடுத்து உடலைச் சுத்தி செய்த பின், நோயாளிக்கு உடனே சோறு கொடுப்பதில்லை. முதலில் பேயா, பின் விலேபி, பின் உப்பும் நெய்யும் இல்லாத பயற்றஞ்சாறு, பின் அவை சேர்த்த சாறு, கடைசியாக இறைச்சிச் சாறு. கடுமையாகச் சுத்தி செய்யப்பட்டவருக்கு ஒவ்வொரு படியும் மூன்று வேளை, நடுத்தரமாயின் இரண்டு, இலேசாயின் ஒன்று. இதன் பின்பே வழக்கமான சாப்பாடு.

இதற்கான காரணம் அடுப்பு மூட்டிய எவருக்கும் விளங்கும். அணையப்போகும் தணலில் பெரிய கட்டையைப் போட்டால் அது அவிந்துவிடும். சருகும் சுள்ளியும் இட்டு ஊதி, பின்பே கட்டையை வைக்கிறோம். சமிபாட்டு நெருப்பும் அப்படியே என்பது அந்நூலோர் கருத்து.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் படிவரிசை பேதி மருந்து எடுத்தவருக்காக வகுக்கப்பட்டது. வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்காக அன்று. தெளிவில் சோற்றின் வலு மிகச் சிறிதே உண்டு. ஏற்கெனவே மெலிந்த பிள்ளையை நாட்கணக்காகத் தெளிவிலேயே வைத்திருப்பதும் பட்டினி போடுவதே ஆகும்.

அகதி முகாம் தந்த பாடம்

1971இல் வங்காளதேசப் போரின்போது இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குள் அகதிகளாகச் சென்றனர். மேற்கு வங்கத்தின் பொங்காவில் வாந்திபேதி பரவியது. சேலைன் போதவில்லை. வைத்தியர் திலீப் மகாலானபிஸ், குளுக்கோசு, உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். கோப்பையில் வார்த்துப் பருக்கியவர்களுள் பலர் நோயாளரின் உறவினரே. நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு, நான்குக்கும் கீழே இறங்கியது. அரிசி மாவினால் செய்த கரைசலும் வாந்திபேதிக்கு நற்பயன் தருவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. நீரும் உப்பும் மாச்சத்தும் சேர்ந்து குடலில் உறிஞ்சப்படுவதே இதன் இரகசியம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. வயிற்றோட்டம் தொடங்கியதும் ஜீவனிக் கரைசல் கொடுங்கள். பக்கற் இல்லாவிடின், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பின்பும், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர் வரையும், மூத்த பிள்ளைக்கு அதன் இரு மடங்கும் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். வீட்டுக் கஞ்சியில் உப்பின் அளவு நிச்சயமில்லை. ஆகவே அது ஜீவனிக்கு ஈடாகாது.

2. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கஞ்சி வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுத்து, உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

3. மூத்த பிள்ளைக்கு அன்றே குழைசோறும் பயற்றஞ்சாறும் கொடுக்கலாம். பயறு கிடையாவிடின் நிவாரணப் பருப்பை நன்கு அவித்துக் கடையுங்கள். சுகமான பின் இரண்டு கிழமைக்கு நாளாந்தம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

4. கண் குழிவிழுதல், குடிக்க இயலாமை, மயக்கம், மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி: இவற்றுள் ஒன்று கண்டாலும் கஞ்சி வைத்துக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

5. புதிய இடத்துப் பற்றைகளில் தெரியாத இலையைப் பறித்து இலைக்கஞ்சி வைக்காதீர்கள். ஊரில் கண்ட இலை போலவே தோன்றும் வேற்று இலையும் உண்டு. நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் கஞ்சியின் அளவையும் உப்பையும் இலையையும் வைத்தியரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

அன்று அந்தத் தாய் கரைசலைக் கரண்டியால் பருக்கினார். ஆச்சி குழைசோறு காய்ச்சித் தந்தார். மாலையில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, இன்னும் தா என்று கோப்பையை நீட்டியது. மாமி சொன்னதிலும் உண்மை இருந்தது: நோயுற்ற வயிற்றில் பாரமானதை ஏற்றக்கூடாது. ஆனால் பாரமானதைத் தவிர்ப்பது வேறு, பட்டினி போடுவது வேறு.

வளவையும் வயலையும் விட்டு வந்தோம். ஆச்சிமாரின் அறிவு எம்முடனேயே வந்திருக்கிறது. அதை ஆராய்ந்து கைக்கொள்வோம். குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு முருங்கைத் தடியை நட்டுவைப்போம்.

கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் ஊரில் நோயாளிக்கு என்னென்ன கஞ்சி காய்ச்சினார்கள்?
2. அவற்றுள் சிறு பிள்ளைக்கு ஆகாதவை எவை? ஏன்?
3. உங்கள் முகாமில் ஜீவனிப் பக்கற்றை எங்கே, யாரிடம் பெறலாம்?