ஓராண்டு சேவைக்கு எந்தக் கூரை?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ கடலூர்க் கல்லூரிகளிலோ படித்த பலருக்கு நாட்டு நலப்பணித் திட்ட முகாம் மறந்திருக்காது. ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, பொதுச் சமையலில் சாப்பிட்டு, ஏரிக்கரையில் வேலிகாத்தான் வெட்டி, ஏழு நாள் முடிந்ததும் வீட்டுக்குப் பேருந்து ஏறிவிடுவோம். அந்த ஏழு நாளை ஒரு முழு வருடமாக வாழ முடியுமா என்று கேட்கிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். பட்டம் வாங்கியபின், வேலைக்கோ போட்டித் தேர்வுக்கோ போகும்முன், ஓராண்டைப் பிறருக்காகக் கொடுக்கத் துணிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கே போவது என்பதுதான் கேள்வி.

அமெரிக்க யூத இளைஞர்களுக்கு இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. அவோதா என்ற அமைப்பு 1998-இல் நியூயார்க்கில் தொடங்கியது. கல்லூரி முடித்தவர்கள் சிலர் ஒரே வீட்டில் சேர்ந்து குடியேறுவார்கள். பகலில் வறுமையை எதிர்த்து வேலைசெய்யும் வெவ்வேறு நிறுவனங்களுக்குப் போய் முழுநேரம் உழைப்பார்கள். மாலையில் வீடு திரும்பிச் சேர்ந்து சமைப்பார்கள். வறுமை எங்கிருந்து வருகிறது, தங்கள் மரபு அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று சேர்ந்து படிப்பார்கள். கோஷர் உணவு விதியை இம்மி பிசகாமல் பின்பற்றுபவரும் அதைப் பொருட்படுத்தாதவரும் ஒரே அடுக்களையில் இருப்பார்கள். எந்தப் பாத்திரம் எதற்கு, வெள்ளிக்கிழமை மாலை தொடங்கும் சபாத் ஓய்வை வீட்டில் எப்படிக் கொண்டாடுவது என்பதையெல்லாம் அவர்களே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். இந்தப் பேச்சும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

வீடு, வேலை, படிப்பு என்ற மூன்றும் அங்கே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்தில் மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அரிது. ஆகவே எதை முதலில் பார்ப்பது என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. என் எண்ணம் இது: முதலில் வீட்டைப் பாருங்கள். வேலையைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம், புத்தகத்தை எங்கிருந்தும் படிக்கலாம். வேறு சாதி, வேறு மதம், வேறு வசதியில் வளர்ந்தவர்களோடு ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கழிப்பறையை முறைவைத்துக் கழுவி ஒரு வருடம் வாழும் வாய்ப்பு நம் கடலூர் மாவட்டத்தில் பிறந்த ஒருவருக்கு வாழ்நாளில் இன்னொரு முறை வருவது கடினம். விடுதிகளில்கூடச் சாதி பார்த்து அறை பிரிந்துகொள்வதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

அருகில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். பார்வதிபுரம் மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்த அந்தச் சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணைக்கப்படவில்லை. வருகிறவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். பசியைப் போக்குவதே வழிபாடு என்று வைத்த ஓர் இடத்தில் ஒரு வருடம் காய் நறுக்கி, பரிமாறி, எச்சில் இலை எடுப்பது பெரிய கல்வி. தைப்பூசத்தில் கூட்டம் அலைமோதும்போது அல்ல, ஒரு சாதாரண ஆடி மாதச் செவ்வாய்க்கிழமையில் போய்ப் பந்தியில் உட்கார்ந்து பாருங்கள். முதியவர்கள், வீட்டைவிட்டு வெளியேறியவர்கள், மனநலம் குன்றியவர்கள், வேலை தேடி அலைபவர்கள் என்று பக்கத்து இலைகளில் தெரியும் முகங்களே பாடம்.

குறையையும் சொல்ல வேண்டும். தருமச்சாலை அறநிலையத் துறை நிர்வாகத்தில் நடக்கிறது. இளைஞர்களைச் சேர்த்து, தங்க வைத்து, வழிநடத்தும் ஓராண்டுத் திட்டம் அங்கே கிடையாது. சுற்றியுள்ள சன்மார்க்க சங்கங்களோடு பழகி, நீங்களேதான் இடம் தேடிக்கொள்ள வேண்டும். சோறு போடுவதோடு நின்றுவிட்டால் இவர் ஏன் பசித்தார் என்ற கேள்வி எழாமலே வருடம் ஓடிவிடக்கூடும். ஜீவகாருண்யத்தில் தோய்ந்தவர், சைவ உணவில் உறுதியாக இருப்பவர், தனியாக நாளை ஒழுங்குசெய்துகொள்ளத் தெரிந்தவர் ஆகியோருக்கு வடலூர் ஏற்றது. தோழமை தேடிப் போகிறவருக்கு அங்கே ஏமாற்றம் கிடைக்கலாம்.

வள்ளலார் பெயரைச் சொல்லிவிட்டுச் சுவாமி சகஜானந்தரை விட்டுச்செல்ல எனக்கு மனமில்லை. 1916-இல் அவர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மட்டும் போதாது, ஊரில் அவர்களுக்கு யாரும் தங்க இடம் தர மாட்டார்கள் என்பதால் உறைவிடமும் உணவும் சேர்த்தே கொடுத்தார். கூரையும் சோறுமே சமூக நீதியின் முதல் படி என்பதை நூறு ஆண்டுக்கு முன்பே ஓமக்குளக் கரையில் செய்து காட்டியவர் அவர். எந்த இடத்தைத் தேர்ந்தாலும் புறப்படும்முன் ஒரு நாள் அந்தப் பள்ளிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கூட்டு வாழ்க்கை என்று மட்டும் பார்த்தால் நம் பக்கத்தில் மிகவும் ஒழுங்காக நடப்பது சாதனா ஃபாரஸ்ட். புதுச்சேரியைத் தாண்டி, ஆரோவிலை ஒட்டிய இடம். கடலூரிலிருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம் ரோசின், யோரித் ரோசின் தம்பதியர் 2003-இல் மண் அரித்துப்போன 70 ஏக்கர் நிலத்தில் இதைத் தொடங்கினார்கள். வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கி, இந்தக் கடற்கரைக்கே உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டை மீட்டு வளர்க்கிறார்கள். கீற்றுக் குடில்களில் தங்கல், சூரிய மின்சாரம், பாலும் சேராத தாவர உணவு. மது, புகை கிடையாது. காலையில் எல்லாரும் காட்டு வேலை. பிறகு சமையல், பாத்திரம் கழுவுதல், உரக் கழிப்பறை பராமரிப்பு எல்லாம் முறைவைத்து. கிப்புட்ஸ் கூட்டுப் பண்ணைகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்தச் சாயல் தெரியும். ஆனால் இது மதம் சார்ந்த இடம் அல்ல.

இங்கே கிடைக்கும் வீட்டுப் பயிற்சி உண்மையானது. குழம்புச் சட்டி தேய்க்காமல் வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்கு ஒரு மாதமே போதும், வேறு ஆளாகிவிடுவார்கள். ஆனாலும் இரண்டு விஷயத்தை யோசியுங்கள். உடன் இருப்பவர்களில் பலர் சில வாரங்கள் தங்கிப் போகும் பயணிகள், பல நாட்டவர், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். எல்லா நாட்டுக்காரரோடும் ஒரே கூரையில் இருப்பீர்கள், பிச்சாவரம் காயலோரத்து இருளர் வீட்டுப் பெண் அந்தக் கூரையின்கீழ் இருக்க மாட்டாள். இரண்டாவது, அங்கே வேலை மண்ணோடும் மரத்தோடும். அது பெரிய வேலைதான். மனிதர் மனிதருக்குச் செய்த அநீதியோடு முட்டிப் பார்க்க விரும்புகிறவருக்கு அது போதாது.

அப்படி முட்ட விரும்புகிறவர் சிதம்பரத்திலிருந்து தெற்கே, கொள்ளிடம் தாண்டிப் போக வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டபின் அந்தப் பகுதிக்கே வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும். வினோபாவின் பூமிதானத்தில் நடந்த இருவரும் 1981-இல் உழுபவரின் நில உரிமைக்காக லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நாகை அருகே கூத்தூர் அதன் இருப்பிடம். நிலச்சுவான்தார்களிடம் பேசி விலை முடித்து, கடன் ஏற்பாடு செய்து, 13,000-க்கும் மேற்பட்ட நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கச் செய்தார்கள். பத்திரம் பெண்கள் பெயரில். இறால் பண்ணைகளுக்கு எதிராக ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008-இல் இருவருக்கும் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது.

வடலூரில் பசிக்குச் சோறு. கூத்தூரில் சோற்றுக்கு நிலம். இரண்டும் வேண்டும், ஆனால் ஒரு வருடத்தில் இரண்டையும் கற்க முடியாது. பட்டா, சிட்டா, அடங்கல் என்று தாலுகா அலுவலகத்துக்கு நடக்கும் பொறுமை உங்களுக்கு உண்டா? கூட்டம் போட்டால் ஆண்கள் மட்டும் பேசும் ஊரில் பெண்கள் பேசும்வரை காத்திருப்பீர்களா? ஆம் என்றால் லாஃப்டி போன்ற காந்தியவழி அமைப்புகள் உங்களுக்கானவை. இங்கே விண்ணப்பப் படிவம், கடைசித் தேதி என்று எதிர்பார்க்காதீர்கள். கடிதம் எழுதி, நேரில் போய், என்ன வேலை தருவார்கள், எங்கே தங்கலாம் என்று கேட்க வேண்டும்.

எல்லாம் எழுத்தில், மாத உதவித்தொகையோடு வேண்டும் என்பவர்களுக்கு எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா இருக்கிறது. 2011-இல் தொடங்கிய 13 மாதத் திட்டம். பட்டதாரிகளை நாட்டின் பல பகுதிகளில் உள்ள தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்புவார்கள். வீட்டுச் செலவுக்குப் பிள்ளையின் வருமானத்தை எதிர்பார்க்கும் குடும்பத்துக்கு இதுவே நியாயமான வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்தி பேசும் ஊரில் விழ நேரலாம், தனி அறையில் தனியாகச் சமைத்துக்கொண்டு வருடத்தைக் கழிக்கவும் நேரலாம். டீச் ஃபார் இந்தியா, காந்தி ஃபெல்லோஷிப் இரண்டும் இரண்டு வருடம் கேட்பவை. ஓராண்டுக்காரர் கணக்கில் வராது. இல்லம் தேடிக் கல்வி போல மாலையில் கொஞ்ச நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அருமையான தொண்டு. ஆனால் இரவு அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் வாழ்க்கையில் நம் பழக்கங்கள் எதுவும் அசைவதில்லை.

எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. யாரும் அமைத்துத் தராதது அது. ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்திலோ ஒரு வீடு எடுங்கள். பகலில் ஒருவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர். ஒருவர் இருளர் குடியிருப்பில் பிள்ளைகளுக்குப் பாடம். ஒருவர் மீன் விற்கும் பெண்களின் குழுவுக்குக் கணக்கு. ஒருவர் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பள்ளியில். இருவர் பகுதிநேரம் சம்பாதிக்கட்டும், பணம் ஒரே உண்டியலில் விழட்டும். வாரத்தில் ஒரு மாலை படிப்புக்கு.

வீடு பார்க்கப் போகும் நாளிலேயே சேவை தொடங்கிவிடும். "நீங்கள்லாம் என்ன ஆளுங்க?" என்று வீட்டுக்காரர் கேட்பார். ஐந்து பேரும் ஐந்து பதில் சொல்லும் குழுவாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் சேர்ந்து எடுக்கும் வீடு இன்னொரு மேன்ஷன் அறை மட்டுமே. அடுத்த சண்டை அடுக்களையில் வரும். கடலூரில் கருவாட்டு வாசனை இல்லாத வீடு எது? ஒருவர் முட்டையும் தொடாதவர், ஒருவருக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது, ஒருவர் ரமலானில் விடியுமுன் எழுந்து சமைப்பவர். நியூயார்க் வீட்டில் பேசுவதைத்தான் நீங்களும் பேச வேண்டியிருக்கும். முதல் வாரமே பேசுங்கள், எழுதி ஒட்டுங்கள். சகித்துக்கொள்கிறேன் என்று ஆளாளுக்குப் பல்லைக் கடித்தால் மூன்றாம் மாதம் வீடு உடையும். உங்களைவிட மூத்த, ஊரில் மதிப்புள்ள ஒருவர் மாதம் ஒருமுறை வந்து உட்கார்ந்து கேட்கட்டும்.

பெண்பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும் எந்த இடத்திலும் கேட்க வேண்டியவை தனி. அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, கழிப்பறை எவ்வளவு தூரம், இரவில் ஒரு தொல்லை என்றால் யாரைக் கூப்பிடுவது, புகார் வந்தால் விசாரிக்கும் குழு இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடம் எவ்வளவு புனிதமானதாக இருந்தாலும் வேண்டாம். "படிச்ச பிள்ளை ஒரு வருஷத்த வீணாக்கலாமா?" என்று வீட்டில் கேட்பார்கள். அது அலட்சியத்தில் கேட்பது அல்ல, கடன் வாங்கிப் படிக்கவைத்தவர்களின் பயம். அப்பாவையும் அம்மாவையும் ஒரு நாள் அந்த இடத்துக்கே அழைத்துப்போய்ச் சாப்பிட வையுங்கள். நீங்கள் வாதாடுவதைவிட அது நல்லது.

முடிவெடுக்கும்முன் பத்து நாளாவது தங்கிப் பாருங்கள். பாதியில் விலகிப் போன ஒருவரைத் தேடிப் பேசுங்கள். ஆனி மாதத்துக்குள் குடிபோய்விடுங்கள். நம் மாவட்டத்துக்கு மழையும் புயலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் வரும். 2011-இல் தானே புயலும் 2015-இல் பெருவெள்ளமும் அப்படி வந்தவையே. தண்ணீர் ஏறியபின் வேனில் வந்து இறங்கும் தன்னார்வலர்களுக்கு எந்தத் தெருவில் நடக்க முடியாத கிழவி தனியாக இருக்கிறாள், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று தெரியாது. நான்கு மாதம் முன்பே வந்து பழகிய உங்களுக்கு அது தெரிந்திருக்கும்.