மின்ஒயர் பைப்பில் லேன் கேபிளா?

மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை என்றால் லேன் கேபிள் இழுப்பது நல்ல முடிவுதான். ஆனால் சுவரை உடைக்க மனமில்லாமல், ஃபேனுக்கும் பிளக் பாயிண்டுக்கும் போகிற பிவிசி பைப்பிலேயே அதையும் நுழைத்துவிடுகிறார்கள். கேட்டால், "நெட் நல்லாத்தானே வருது" என்பார்கள். வரும்தான். சிக்கல் அதில் இல்லை.

லேன் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். பக்கத்து மின்ஒயரின் இரைச்சல் (வேண்டாத மின்தூண்டல்) ஜோடியின் இரு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுவதால், மறுமுனையில் பெரும்பாலும் கழிந்துபோகும். கவலை காப்புறையைப் (கம்பி மேலுள்ள பிளாஸ்டிக் உறை) பற்றித்தான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். லேன் கேபிளின் உறை அதைத் தடுக்கவென்று செய்யப்பட்டதல்ல. பழைய மின்ஒயரின் உறை சூட்டில் வெடித்தாலோ, இழுக்கும்போது வளைவில் உரசிக் கிழிந்தாலோ, மின்சாரம் ரவுட்டர் வரை வர வழி பிறந்துவிடும்.

வேகம் 1000 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 100க்கு இறங்கினால் உடனே மின்ஒயரைச் சந்தேகிக்காதீர்கள். 100க்கு இரண்டு ஜோடி போதும், 1000க்கு நான்கும் வேண்டும்; பெரும்பாலும் பிளக் முனையில் ஒரு கம்பி விட்டிருக்கும். லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் சுர்ரென்கிறதா? லேன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் சுர்ரென்றால் சார்ஜரையும் வீட்டு எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். கழற்றியதும் நின்றால் அந்தக் கேபிளை மீண்டும் தொடாமல் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

ஏற்கெனவே ஒரே பைப்பில் போட்டிருந்தால் பதற வேண்டாம், ஆனால் வெளியே எடுத்துவிடுங்கள். மெயினை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அதையும் அணைக்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

புது வழி தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது, கேபிள் டிவிக்கோ டெலிஃபோனுக்கோ போட்டுவைத்த தனி பைப். பல வீடுகளில் அது சும்மா கிடக்கிறது. அதில் மின்ஒயர் எதுவும் கலக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பழைய கேபிளின் முனையில் புதியதைக் கட்டி மெதுவாக இழுக்கலாம். அப்படி பைப் இல்லையென்றால் சுவர் மேலேயே தனி கேசிங் அடியுங்கள். மின்ஒயருக்கு இணையாக ஓடும் இடத்தில் 20 செ.மீ. இடைவெளி விடுவது நல்லது. குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும். லேன் சாக்கெட்டுக்குத் தனிப் பெட்டி வையுங்கள். முழுச் செம்புக் கம்பி கேட்டு வாங்குங்கள். முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியம், எளிதில் ஒடியும்.

கேபிளைச் சமையலறை அலுமினியத் தாளில் சுற்றுவது, இன்சுலேஷன் டேப்பை நீளத்துக்கும் ஒட்டுவது இரண்டும் வீண்வேலை. கவசமுள்ள (உலோகத்தாள் சுற்றிய) கேபிளும் முறையாக எர்த் சேராவிட்டால் கூடுதல் செலவுதான்.

பக்கத்து வீட்டுக்கோ தோட்டத்து அறைக்கோ மொட்டைமாடி வழியே செம்புக் கேபிள் போடாதீர்கள். இடி மின்னலில் இரு பக்கக் கருவிகளும் போய்விடும். அங்கே ஃபைபர்தான் சரி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் வலுவுக்காக இரும்புக் கம்பி சேர்த்த ஃபைபர் என்றால், அந்தக் கம்பியை வீட்டுக்குள் விடாமல் வெளிச்சுவரிலேயே நறுக்கிவிடச் சொல்லுங்கள்.